வீட்டு சைக்கிள் பயிற்சி: எப்போது முடுக்குவது, எப்போது விடுவது

வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி வைத்தவர்களில் பலரும் முதல் மாதம் ஒரே மாதிரிதான் ஓட்டுகிறார்கள். தினமும் அரை மணி நேரம், வியர்வை கொட்டக் கொட்ட, நேற்றைவிட இன்று கொஞ்சமாவது கூட ஓட்டிவிட வேண்டும் என்று. முதல் மூன்று வாரம் நன்றாகவே போகும். திரையில் தூரம் ஏறும், மூச்சு வாங்குவது குறையும். அப்புறம் எங்கோ நின்றுவிடும். கால் கனக்கும், காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கும், சைக்கிளைப் பார்த்தாலே இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும். உடனே "எனக்கு மன உறுதி போதாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. வாரத்தின் ஏழு நாளும் ஒரே அளவு கடினமாக இருந்ததுதான் காரணம்.

லேசான நாளை உண்மையிலேயே லேசாக வைத்தால்தான் கடினமான நாளில் கடினமாக மிதிக்க முடியும். சொல்லிக் கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது, ஆனால் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் காற்றில் பறப்பது இதுதான். அதனால் ஏன், எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

உடம்பு எப்போது பலமாகிறது

மிதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உடம்பு பலமாவதில்லை, களைத்துக்கொண்டுதான் இருக்கிறது. தசைகளில் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரைகிறது, வியர்வையில் நீரும் உப்பும் போகிறது, தசை நார்கள் லேசாகச் சேதமடைகின்றன. இறங்கிய பிறகுதான் பழுதுபார்க்கும் வேலை தொடங்குகிறது. அந்த வேலையில் உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிற்காமல், இதே சுமை மறுபடியும் வந்தால் சமாளிக்க வேண்டுமே என்று கொஞ்சம் கூடுதலாகவே கட்டி வைக்கிறது. நாம் முன்னேற்றம் என்று சொல்வது அந்தக் கூடுதலைத்தான். வேலை முடிவதற்குள் அடுத்த சுமையை ஏற்றினால், முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது பூச்சு அடித்த சுவர் மாதிரி இரண்டும் சேர்ந்து உரிந்துவரும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், உடம்பின் ஒவ்வொரு பகுதியும் தேறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு வேறு என்பது. மூச்சு சில நிமிடங்களில் சீராகிவிடும். பத்து பதினைந்து வினாடி வேகமாக மிதிக்கும்போது தசை முதலில் எடுத்துச் செலவழிக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருள் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கிட்டத்தட்ட முழுதாக நிரம்பிவிடும். கிளைகோஜன் நன்றாகக் காலியாகியிருந்தால், சரியாகச் சாப்பிட்டாலும் நிரம்புவதற்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படும். தசைக்குள் புதிய நுண்ணிய ரத்தக்குழாய்கள் வளர்வதும், செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும் வாரக்கணக்கில் நடக்கிற வேலை. முட்டியைச் சுற்றி, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பலப்படுவது இதைவிடவும் மெதுவாக, மாதக்கணக்கில்.

முதல் ஓரிரு வாரத்திலேயே நல்ல முன்னேற்றம் தெரிவதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ள முடிகிறது, அதே வேலைக்குத் துடிப்பு குறைகிறது, "அட, இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டதே" என்று தோன்றுகிறது. அந்த உற்சாகத்தில்தான் பலர் ரெசிஸ்டன்ஸை, அதாவது பெடலின் இறுக்கத்தை, ஏற்றுகிறார்கள். இதயம் தயார் என்கிறது, ஆனால் முட்டியும் தசைநாணும் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முட்டி வலி சில வாரம் கழித்து எட்டிப் பார்ப்பதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். (சீட் உயரம் சரியில்லாததும் ஒரு காரணம். பெடல் கீழே இருக்கும்போது முட்டி கொஞ்சம் மட்டும் மடங்கியிருக்க வேண்டும்.)

இன்னொரு விஷயமும் நம்மை ஏமாற்றும். ஓட்டத்தில், குறிப்பாக இறக்கத்தில் ஓடும்போது, தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி பின்னியெடுப்பது அதனால்தான். சைக்கிளில் தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது, நீண்டுகொண்டே சுமை தாங்குவது மிகக் குறைவு. எனவே பழகியவர்களுக்கு மறுநாள் பெரிதாக வலிக்காது. வலிக்கவில்லை, அப்படியென்றால் தேறிவிட்டேன், இன்றும் முடுக்கலாம் என்று கணக்குப் போடுவது இங்கே செல்லாது. எரிபொருள் பாதி காலியாக இருக்கும், நரம்பு களைத்திருக்கும், வலி மட்டும் இருக்காது.

வீட்டுக்குள் ஓட்டுவது ஏன் இன்னும் கடினம்

சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுபவர் அந்த ஒரு மணி நேரமும் மிதிப்பதில்லை. இறக்கம் வரும், சிக்னல் வரும், திருப்பம் வரும், ஏதோ ஒரு காரணத்துக்காகக் கால் சும்மா இருக்கும். வீட்டில் அந்தச் சின்னச் சின்ன ஓய்வுகள் எதுவும் கிடையாது. கனமான சக்கரம் வைத்த ஸ்பின் பைக்குகள் பலவற்றில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், நாமாக நிறுத்தினாலொழிய நிற்காது. ஆகவே வீட்டில் நாற்பத்தைந்து நிமிடம் என்பது சாலையில் அதைவிட நீண்ட நேரத்துக்குச் சமமான வேலையாக முடியலாம். சாலைக் கணக்கை அப்படியே கொண்டுவந்து வீட்டில் பொருத்தக் கூடாது.

வெப்பம் இதைவிடப் பெரிய சங்கதி. நம் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மீதி முழுவதும் சூடாக மாறுகிறது. பெடலில் 100 வாட் தருகிறீர்கள் என்றால், உள்ளே 300 முதல் 400 வாட் வரை வெப்பம் உண்டாகிறது. சாலையில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மூடிய அறையில் காற்று அசையாமல் நின்றால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது, வியர்வையில் நீரும் குறைகிறது, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது.

இதை உங்கள் சைக்கிளிலேயே பார்க்கலாம். ரெசிஸ்டன்ஸையும் பெடல் வேகத்தையும் மாற்றாமல் நாற்பது நிமிடம் மிதியுங்கள். பத்தாவது நிமிடத்தில் 125 என்று காட்டிய இதயத் துடிப்பு முப்பத்தைந்தாவது நிமிடத்தில் 138 என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். நீங்கள் கூடுதலாக எதுவும் செய்யவில்லை, ஆனால் லேசாகத் தொடங்கிய பயிற்சி முடியும்போது லேசாக இல்லை. அதனால் ஒரு நல்ல மின்விசிறியை முகத்துக்கும் மார்புக்கும் நேராக, எதிரே வையுங்கள். விலையுயர்ந்த கருவிகள் எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன். வீட்டுப் பயிற்சியில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் பொருள் வேறு இல்லை.

எவ்வளவு கடினம் என்று எப்படித் தெரிந்துகொள்வது

எந்தக் கருவியும் இல்லாமல் தொடங்கலாம். மிதித்துக்கொண்டே பேசிப் பாருங்கள். முழு வாக்கியங்களை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் லேசு. நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு விட வேண்டியிருந்தால் நடுத்தரம். ஓரிரு சொல்லுக்கு மேல் வராது, பேசவே பிடிக்கவில்லை என்றால் கடினம். இது ஏதோ ஒப்புக்குச் சொல்லும் வழி இல்லை, மூச்சின் போக்கு மாறும் இடம் உடம்பின் எரிபொருள் பயன்பாடு மாறும் இடத்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

எண்ணாக வேண்டும் என்பவர்கள் உணர்வை 10க்கு மதிப்பெண் போடலாம். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய முறையின் எளிய வடிவம் இது. அவருடைய முதல் அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் இதயத் துடிப்பு தோராயமாக வரும் என்பதால்தான் அப்படி வைத்தார். பத்து மதிப்பெண் கணக்கில் லேசான நாள் 2 முதல் 4 வரை, கடினமான இன்டர்வல், அதாவது இடையிடையே ஓய்வு விட்டுக் கடினமாக மிதிக்கும் சுற்று, 7 முதல் 9 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்மார்ட் வாட்ச் அல்லது மார்புப் பட்டை இருந்தால் இதயத் துடிப்பையும் பார்க்கலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது இன்னொரு கணக்கு, 2001இல் வந்தது. நாற்பது வயதுக்கு இரண்டுமே 180 என்றுதான் சொல்லும், அறுபது வயதுக்கு முதலாவது 160, இரண்டாவது 166. எந்தக் கணக்காக இருந்தாலும் சராசரிதான், ஒரு தனி மனிதருக்குப் பத்துத் துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது மிகச் சாதாரணம். எனவே அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாமல் பேச்சுச் சோதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் நான் பேச்சுச் சோதனையைத்தான் நம்புவேன். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தத் துடிப்புக் கணக்கே பொருந்தாது, அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது.

உச்சத் துடிப்பு 180 என்று வைத்துக்கொண்டால் லேசான நாள் 108 முதல் 126 வரை, அதாவது 60 முதல் 70 சதவீதம். கடினமான இன்டர்வல் 85 சதவீதத்துக்கு மேல், 153ஐத் தாண்டி. நடுவில் இருப்பதுதான் எல்லோரும் தெரியாமல் போய் விழும் இடம்.

அந்த நடுப்பகுதியில் மிதிப்பது நன்றாகத்தான் இருக்கும். வியர்க்கும், ஏதோ உழைத்தோம் என்ற திருப்தி வரும், ஆனால் தாங்க முடியாத அளவுக்கும் போகாது. தினமும் அதே இடத்தில் ஓட்டும்போதுதான் சிக்கல். தேறிவிட முடியாத அளவுக்குக் கனமாகவும், உச்சத் திறனை உயர்த்த முடியாத அளவுக்கு லேசாகவும் அது இருந்துவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓட்டுபவர் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், இடையில் உள்ள நாட்களே அவருக்கு ஓய்வு. நாலு நாளைத் தாண்டும்போதுதான் இந்தப் பேச்சு முக்கியமாகிறது.

நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, சைக்கிள் என்று பல விளையாட்டுகளின் முதல்நிலை வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தபோது, அவர்களுடைய பயிற்சிகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் லேசானவையாகவும் மீதி மட்டும் நிஜமாகவே கடினமானவையாகவும் இருந்தன. அந்த 80க்கு 20 என்ற கணக்கை நாம் அளவெடுத்துப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர்கள் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் உழைப்பவர்கள், நாம் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுபவர்கள். ஆனால் உலகத்திலேயே வலுவான கால்களை வைத்திருப்பவர்களே பெரும்பாலான நாள் லேசாக ஓட்டுகிறார்கள் என்றால், லேசாக ஓட்டுவது நேர விரயம் என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பது புரிந்துவிடும்.

லேசான நாள்

ரெசிஸ்டன்ஸைக் குறைவாக வைத்து, நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வேகத்தில் மிதிக்கத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிடம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தில், உடம்பு சூடாகி மூச்சு ஒரு சீருக்கு வந்ததும், கை தானாக ரெசிஸ்டன்ஸ் திருகை நோக்கிப் போகும். இன்றைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறதே, கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று. ஏற்றாதீர்கள். லேசான நாள் கெட்டுப்போவது அந்த ஒரு திருகில்தான்.

இருபத்தைந்தாவது நிமிடம் வாக்கில், மேலே சொன்ன வெப்பத்தால் துடிப்பு ஏறத் தொடங்கும். அப்போது ரெசிஸ்டன்ஸை ஒரு படி குறைத்துத் துடிப்பை அதே இடத்தில் நிறுத்துங்கள். வேகமும் வாட்டும் குறையும், குறையட்டும். திரையில் அன்றைக்கு வரும் கிலோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம், முடிந்தால் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள். மூக்காலேயே மூச்சு விட முடிகிறதா, தொலைபேசியில் ஒருவரோடு பேசினால் அவருக்கு நீங்கள் சைக்கிளில் இருப்பது தெரியாமல் இருக்குமா, இதுதான் கணக்கு. இறங்கும்போது இன்னும் இதே அளவு ஓட்டலாம் போலிருக்கிறதே என்று தோன்ற வேண்டும்.

இப்படி ஓட்டுவதால் நடப்பது குறைவில்லை. இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுவது, மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, கொழுப்பை எரிபொருளாக எடுக்கும் திறன் வளர்வது எல்லாம் இந்த வேகத்திலேயே நடக்கிறது. மறுநாளைக்குக் கடனும் வைப்பதில்லை. கொழுப்பு எரிவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: லேசான வேகத்தில் செலவாகும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பது உண்மை, அதனாலேயே எடை குறைந்துவிடும் என்பது உண்மையில்லை. எடை நாள் முழுக்கச் சாப்பிட்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள கணக்கு.

கடினமான நாள்

முதல் நாலைந்து வாரம் கடினமான நாளே வேண்டாம். உட்கார்ந்து பழக, முட்டி பழக, அந்தக் காலம் தேவை. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று போதும்.

பத்து நிமிட வார்ம் அப், கடைசியில் இருபது வினாடி வேகமாக இரண்டு முறை. பிறகு மூன்று நிமிடம் கடினம், மூன்று நிமிடம் லேசு, இப்படி நாலு முறை. கடைசியில் ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதித்து இறங்குவது. மொத்தம் நாற்பது நிமிடம் சொச்சம்.

முதல் மூன்று நிமிடம் "இது அவ்வளவு ஒன்றும் கடினமில்லையே" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாவிட்டால் ஆரம்பத்திலேயே மிகவும் முடுக்கிவிட்டீர்கள். முதல் ஒரு நிமிடம் இதயத் துடிப்பைப் பார்த்துப் பயனில்லை, கால் செய்யும் வேலையை அது ஒன்று ஒன்றரை நிமிடம் தாமதமாகத்தான் எட்டிப்பிடிக்கும். துடிப்பு இன்னும் ஏறவில்லையே என்று ரெசிஸ்டன்ஸை ஏற்றிக்கொண்டே போனால் இரண்டாவது நிமிடத்தில் மூச்சு முட்டும். மூன்றாவது சுற்றில்தான் நிஜமான உழைப்பு தெரியும், தொடை எரியும், பேச்சு வராது. நாலாவது சுற்றை முதல் சுற்றின் அதே ரெசிஸ்டன்ஸில், அதே சுற்று வேகத்தில் முடிக்க முடிந்தால் அளவு சரி. சுற்று வேகம் 85இல் தொடங்கி 70க்கு இறங்கிக்கொண்டே போகிறதா, அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். எண்ணிக்கையை நிறைவு செய்வதற்காகத் தடுமாறிக்கொண்டு ஓட்டும் கடைசிச் சுற்று களைப்பைத்தான் கூட்டும்.

இடையில் வரும் அந்த மூன்று நிமிடமும் பயிற்சியின் பகுதிதான். அதைக் குறைத்தால் பலன் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும்: அடுத்த சுற்றின் தரம் விழுந்து, கடினமாக இருக்க வேண்டியது நடுத்தரமாகிவிடும். ஓய்வில் காலை நிறுத்தாதீர்கள். மெதுவாக மிதிக்கும்போது கெண்டைக்கால், தொடைத் தசைகள் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்ப உதவுகின்றன, கடின உழைப்பில் தசை உண்டாக்கும் லாக்டேட் என்ற பொருளும் சீக்கிரம் குறைகிறது. கடினமான சுற்று முடிந்ததும் சட்டென்று நிறுத்தி இறங்கினால் தலை சுற்றுவது காலில் ரத்தம் தேங்கிவிடுவதால்தான். லாக்டேட் என்றதும் ஒன்று, மறுநாள் வலிக்கு அது காரணம் இல்லை. இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்கு வந்துவிடும்.

நன்றாகப் பழகிய பிறகு நார்வே ஆய்வாளர்களால் பரவலான நாலுக்கு நாலு முறையை எடுத்துக்கொள்ளலாம்: உச்சத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதத்துக்குள் நாலு நிமிடம், இடையில் மூன்று நிமிடம் லேசாக, மொத்தம் நாலு சுற்று.

இருபது வினாடி முழு வேகம், பத்து வினாடி ஓய்வு, நாலே நிமிடத்தில் பயிற்சி முடிந்தது என்று சொல்லும் தபாட்டா முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வு சைக்கிள் கருவியில்தான் நடந்தது. ஆனால் அதில் மிதித்தவர்கள் ஏற்கெனவே விளையாட்டில் இருந்த இளைஞர்கள். உச்ச ஆக்சிஜன் திறனுக்கு (உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவுக்கு) தேவையானதைப் போல் 1.7 மடங்கு சுமையில், ஏழெட்டுச் சுற்றுக்குள் இனி ஒரு சுற்றுகூட முடியாது என்னும் நிலைவரை மிதித்தார்கள். புதிதாகத் தொடங்குபவர் அதைச் செய்யவும் முடியாது, செய்யவும் தேவையில்லை. அதே ஆய்வில் வாரம் ஐந்து நாள், ஒரு மணி நேரம் மிதமாக மிதித்த குழுவுக்கும் ஆக்சிஜன் திறன் நன்றாகவே உயர்ந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாரத்தை அமைப்பது

மூன்று நாள் ஓட்டுபவருக்கு ஒன்று கடினம், இரண்டு லேசு. நாலைந்து நாள் ஓட்டுபவருக்கு அதிகபட்சம் இரண்டு கடினம், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 48 மணி நேரம். செவ்வாயும் வெள்ளியும் கடினம் என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஒரு நாள் லேசாக, ஒரு நாள் சைக்கிளே தொடாமல். உலக சுகாதார அமைப்பு 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு, அல்லது இரண்டின் கலவை, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. மூன்று நாலு நாள் ஓட்டினாலே இந்த அளவுக்கு வந்துவிடலாம், தினமும் ஓட்டியே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

தசைப் பயிற்சியும் செய்பவர்கள் கால் பயிற்சியைக் கடினமான சைக்கிள் நாளிலேயே, சில மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. லேசான நாளில் கொண்டுபோய் வைத்தால் அந்த நாள் லேசாக இருக்காது.

மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவது வாரம் நேரத்தை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைப்பது பயிற்சியாளர்கள் காலங்காலமாகச் செய்துவருவது. வாரா வாரம் கூட்டிக்கொண்டே போனால் சேரும் களைப்பு அந்த ஒரு வாரத்தில் வடியும். வயது கூடினால் தேறுவதற்கு நேரமும் கூடும், ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு இரண்டு வாரம் கூட்டியதுமே அப்படி ஒன்று தேவைப்படுகிறது.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பு சைக்கிள் களைப்பையும் மற்றக் களைப்பையும் தனித்தனிக் கணக்கில் எழுதுவதில்லை. இரவு தூங்கவில்லை, வேலையில் நெருக்கடி, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் அட்டவணையில் கடினம் என்று போட்டிருந்தாலும் அன்றைக்கு லேசாக ஓட்டுங்கள். கடினமான நாளைத் தள்ளிப்போடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. இதைத் தளர்ச்சி என்று நினைப்பவர்கள் பலர், எனக்கு இதுதான் ஒழுங்கு என்று படுகிறது.

தேறவில்லை என்று உடம்பு சொல்லும் விதம்

காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே துடிப்பைப் பாருங்கள். ஒன்றிரண்டு வாரம் பார்த்தால் உங்களுக்கு வழக்கமான எண் எது என்று தெரிந்துவிடும். அதைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் களைப்பு மிச்சமிருக்கிறது, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. சைக்கிளில் இன்னொரு அடையாளம் தெரியும்: கால் கெஞ்சும், உழைப்பு 8 என்று தோன்றும், ஆனால் துடிப்பு ஏறவே ஏறாது. வழக்கமாக 160க்குப் போகும் சுமையில் 145இலேயே நிற்கும். துடிப்பு குறைவாக இருக்கிறதே, உடம்பு தேறிவிட்டது போல என்று இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். உழைப்பு லேசாகத் தோன்றி துடிப்பும் குறைந்தால் முன்னேற்றம், உழைப்பு கனத்துத் துடிப்பு மட்டும் ஏறாவிட்டால் களைப்பு. தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, சின்னச் சின்னச் சளி விடாமல் பிடிப்பது எல்லாமே இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

தேறுவதற்கு என்று விற்கும் பொருட்கள் ஏராளம். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் அப்புறம்தான் அவையெல்லாம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். கடினமான நாளில் மாவுச்சத்தைக் குறைக்காதீர்கள், புரதத்தை நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுங்கள். எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டுத் தினமும் கடினமாக மிதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, பழுதுபார்க்கப் பொருளே கொடுக்காமல் உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. பழக்கமில்லாதவர் முதல் நாளே உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டால் தொடைத் தசை நார்கள் பெருமளவில் சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மற்ற விளையாட்டுகளில் நன்றாகப் பழகியவர்களுக்கும் முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகு இப்படி நடந்திருக்கிறது. ஓரிரு நாளுக்குள் தொடை வீங்கிக் கடுமையாக வலித்தால், காலை மடக்க முடியாவிட்டால், சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், பொறுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மிதிக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அங்கேயே நிறுத்த வேண்டும். இதய நோயோ சர்க்கரை நோயோ இருப்பவர்கள் இன்டர்வல் பக்கம் போவதற்கு முன்னால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் இருக்கும்போது லேசாகக்கூட வேண்டாம். காய்ச்சலாலோ பயணத்தாலோ ஒரு வாரம் பத்து நாள் விட்டுப்போனால் பதற வேண்டியதில்லை. முதலில் குறைவது அந்தப் பிளாஸ்மா அளவுதான். அதனால் பழைய சுமையிலேயே துடிப்பு ஐந்து பத்து கூடுதலாகக் காட்டும், மறுபடி ஓட்டத் தொடங்கியதும் சில நாளில் அது திரும்பிவிடும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று முதல் நாளே இன்டர்வலில் இறங்காமல், இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று இரண்டு மூன்று லேசான பயிற்சிகளை ஓட்டுங்கள். துடிப்பு வழக்கமான இடத்துக்கு வந்ததும் கடினமான நாளைச் சேர்த்துக்கொள்ளலாம், அதையும் நாலு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றாக.